ஓடுகிற கணக்கின் மேல் கை வைப்பது: இன்ஸ்ட் பற்றி

2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறினப்போ அரியாங்குப்பத்துல எங்க வீட்டு முருங்கை போச்சு. கரண்ட் பல நாள் இல்லை. அதே வருஷம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பிரீத்தி மலாகர், விஜய் நடராஜன், சதீஷ் வாதியார் மூவரும் 'இன்ஸ்ட்' என்ற கருவியைப் பற்றி எழுதியிருந்த கட்டுரை என் கண்ணில் பட்டது ரொம்பப் பின்னாடிதான்.

புயல் மாதிரியை நூற்றுக்கணக்கான செயலிகளில் ஓடவிட்டால், வழக்கமா முடியும்வரை காத்திருக்கணும். இன்ஸ்ட் நடுவிலேயே மூன்றை மாற்றவிடுகிறது: எந்தப் பகுதி, எவ்வளவு நுணுக்கம், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை படம். ஓக் ரிட்ஜின் கம்யூல்வ்ஸ் போன்ற கருவிகள் இதைத் தொண்ணூறுகளிலேயே முயன்றவை. ஆனா இன்ஸ்ட் கேட்டதையெல்லாம் கொடுக்கிற வேலைக்காரன் இல்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. அதே பரப்பில் கட்டத்தின் இடைவெளியை மூன்றில் ஒரு பங்காக்கினால் கட்டங்கள் 9 மடங்கு. நேரப்படியும் சுருங்குவதால் வேலை ஏறத்தாழ 27 மடங்கு. புயல் கரைக்கு வந்தபிறகு கணக்கு முடிந்தால் யாருக்கு லாபம்? அதனால் குறைந்தபட்ச வேகம், வட்டில் மிச்சமுள்ள இடம், நெட்வொர்க் தாங்கும் அளவு மூன்றையும் பார்த்து, விஞ்ஞானி கேட்டதற்கு முடிந்தவரை நெருக்கமான அளவை அதுவே முடிவு செய்கிறது. வட்டு நிரம்பினால் கணக்கே நின்றுபோகும், இல்லையா?

என் குறை வேறு இடத்தில். அவர்கள் எடுத்துக்கொண்டது 2009 மே மாதத்து அய்லா. அது எங்கே போய் முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும். கண் எங்கே திரும்பும் என்று தெரியாமல் திரை முன் உட்கார்ந்திருப்பவர் தப்பான மூலையைப் பெரிதாக்கச் சொன்னால்? வட்டும் நெட்வொர்க்கும் தாங்குகிற தப்பு என்றால் கருவி சரின்னு சொல்லிவிடும். கருவி வேகமா ஓடியதா என்பதை அளந்திருக்கிறார்கள். மனுஷன் நல்லா முடிவெடுத்தாரா என்பது அந்தச் சோதனைக்கு வெளியே நிற்கிறது. (நடுவில் யார் எதை மாற்றினார் என்ற குறிப்பு இல்லாவிட்டால் அதே ஓட்டத்தை மறுபடி நடத்தவும் முடியாது. எல்லா இடையீட்டுக் கருவிக்கும் உள்ள வியாதி இது.)

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையேறியும் நகராம எங்க தலைமேலேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. அந்தத் தரவைப் பெயரும் தேதியும் மறைத்து, முன்பின் பார்க்காத ஒருவரிடம் இன்ஸ்டோடு கொடுத்தால் எந்த மணி நேரத்தில் எதைப் பெரிதாக்கச் சொல்வார் என்று பார்க்க ஆசை.