பாட்டுக்குப் பாட்டு போய், கண்ணீருக்குக் கண்ணீர்

சென்னைத் தொலைக்காட்சிகளின் பாட்டுப் போட்டிகளைப் பார்த்து அலுத்துக்கொள்கிற மட்டக்களப்பாருக்கு ஒரு பழைய கணக்கை நினைவூட்ட வேண்டும். இந்த விளையாட்டு ஒரு காலத்தில் இங்கிருந்துதான் அங்கே போனது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் பி. எச். அப்துல் ஹமீத் நடத்திப் பெயர்பெற்ற ‘பாட்டுக்குப் பாட்டு’, 1990களில் சன் தொலைக்காட்சிக்குப் போய் ‘லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு’ ஆனது. தமிழ்நாட்டின் ஊர் ஊராக மேடை போட்டு, சாதாரண சனத்தைப் பாடவைத்தார் ஹமீத். ஓர் எழுத்து தருவார். அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். பாடத் தெரிந்தவர் நின்றார், தெரியாதவர் சிரித்துக்கொண்டே இறங்கினார். பாடுகிறவரின் தகப்பன் உயிரோடு இருக்கிறாரா, வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்ற விசாரணை அங்கே இருக்கவில்லை.

இப்போது அந்தப் போட்டி பணத்தோடும் வெளிச்சத்தோடும் திரும்பி எங்கள் வீடுகளுக்கு வருகிறது. எழுவான்கரையில் கல்லடியானாலும், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் கொக்கட்டிச்சோலையானாலும், கூரைமேல் கிண்ணம் பொருத்திய வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரம் சென்னைக்குச் சொந்தம். விஜய் தொலைக்காட்சி ‘சூப்பர் சிங்கர்’ தொடங்கியது 2006இல். அதன்பின் ஜீ தமிழின் ‘சரிகமப’ வந்தது. இரண்டிலும் பாடுகிற பிள்ளைகளின் திறமையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பாட்டைச் சுற்றிக் கட்டுகிற மற்றதெல்லாம்தான் பொறுக்க முடியவில்லை. பிள்ளை வாய் திறக்குமுன் அதன் வீட்டைப் பற்றி ஒரு குறும்படம். பாடி முடித்ததும் வயலின் அழும். நடுவர் மூக்கைத் துடைப்பார். தாயை மேடைக்கு அழைப்பார்கள். தாய் அழுதபின்தான் விளம்பரம். ஒரு மணித்தியால நிகழ்ச்சியில் பாட்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இலங்கைப் பிள்ளை ஒன்று அந்த மேடையில் ஏறினால் இந்த வியாபாரம் இன்னும் கனக்கிறது. கனடாவில் வளர்ந்த ஜெசிக்கா 2015இல் ‘சூப்பர் சிங்கர் ஜூனியர்’ இறுதிப் போட்டியில் இரண்டாமிடம் பெற்று, பரிசாகக் கிடைத்த தங்கத்தைத் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தார். அவர் பாடியவற்றில் எது ஊரெல்லாம் பரவியது? ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தின் ‘விடைகொடு எங்கள் நாடே’. பாட்டுப் போட்டிக்கு வெளியேயும் இதே கதைதான்: 2019இல் ‘பிக் பாஸ்’ வீட்டுக்குப் போன லொஸ்லியா, சக்தி தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர். அந்தத் தொழிலைப் பற்றி அவரிடம் கேட்டவர்கள் குறைவு. கனடாவில் இருந்து வந்த தகப்பனை நெடுங்காலத்தின்பின் அவர் கண்ட காட்சிதான் அந்தப் பருவத்தின் பெரிய காட்சியாயிற்று. வெளிநாட்டு உழைப்பால் பிரிந்துபோன குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அந்தப் பிரிவை அடுத்த பாகத்துக்கான முன்னோட்டமாக வெட்டி ஒட்டிக் காட்டும்போது, பார்க்கிற தாய்மாருக்கு என்ன செய்யும் என்று அங்கே யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

2023 டிசம்பரில் யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ பட்டத்தை வென்றபோது நாங்களும் கொண்டாடினோம். அதே பருவத்தில் மலையகத்திலிருந்து போன அசானியைத் தோட்டத்துச் சனம் தங்கள் பிள்ளையாகவே பார்த்தது. அந்தப் பெருமையில் பொய்யில்லை. ஆனால் அந்த மேடையில் இலங்கைப் பிள்ளைக்குக் கொடுத்து வைத்திருக்கிற வேடம் இரண்டே இரண்டுதான்: யுத்தத்தின் பிள்ளை, அல்லது தோட்ட லயத்தின் பிள்ளை. நடுவர் அனுதாபப்படாமல் புள்ளி போடுவதில்லை. தொகுப்பாளர் எங்கள் பேச்சைப் போலச் செய்து காட்டினால் அதுவும் ஒரே அச்சில் வார்த்த யாழ்ப்பாணப் பேச்சுத்தான். ‘மறுகா’ என்றும் ‘என்ன மனே’ என்றும் கதைக்கிற ஒரு கிழக்கு இருப்பது அங்கே பதிவாகவே இல்லை.

நம்முடைய ஒளிபரப்பாளர்கள் என்ன செய்தார்கள்? ‘சூப்பர் சிங்கர்’ தொடங்கிய அதே 2006இல் இங்கே சிங்களத்தில் ‘சிரச சூப்பர் ஸ்டார்’ தொடங்கியது. கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பிச் சனம் வாக்குப் போட்டது. அஜித் பண்டார வென்றார். தெற்கு யார் வெல்வார் என்று பந்தயம் கட்டிய அந்த ஆண்டில்தான் எங்கள் மாவட்டத்து வாகரைச் சனம் குண்டுக்குத் தப்பிக் காடும் கடலும் கடந்து மட்டக்களப்பு முகாம்களுக்கு வந்துகொண்டிருந்தது. 2007 ஜனவரியில் வாகரை அரசபடை வசமானது. ஆகவே ‘நாடே பார்த்தது’ என்று யாராவது எழுதினால் நான் அந்த வரியில் கொஞ்சம் நின்று விடுவேன்.

பிறகு தமிழில் ‘சக்தி சூப்பர் ஸ்டார்’ வந்தது. இந்தியப் போட்டியோடு ஒப்பிட்டால் இதில் ஒரு நன்மை உண்டு: அழுகை குறைவு. அதற்குக் காரணம் நல்லெண்ணம் என்று நான் நம்பவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் படப்பிடிப்புக் குழுவை அனுப்பக் காசு இல்லை என்பதே காரணமாக இருக்கும். அந்தக் குறைச்சலே நிகழ்ச்சியைப் பாட்டுக்குக் கிட்ட வைத்தது. குறை வேறு இடத்தில். மேடை, நடுவர் நாற்காலி, சுற்றுகளின் பெயர் எல்லாமே இரவல். பாடுகிற பாட்டும் சென்னைச் சினிமாப் பாட்டு. எழுபதுகளில் இலங்கை வானொலி வளர்த்த ஈழத்து மெல்லிசை என்று ஒன்று இருந்தது. நித்தி கனகரத்தினம் பாடிய பொப் பாட்டுகள் கலியாண வீடுகளில் ஒலித்தன. இவற்றுக்கென்று ஒரு சுற்று வைக்க யாருக்கும் தோன்றவில்லை. கல்லடியில் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இசையையும் கூத்தையும் பாடமாகப் படித்த பிள்ளைகள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். அவர்களும் போட்டி என்றால் கொழும்புக்கு இரவு பஸ் ஏறி ரஹ்மான் பாட்டைத்தான் பாட வேண்டும்.

பாட்டுப் போட்டிகளை விட்டால், சென்னை அலைவரிசைகள் மறுபடி எடுக்கிற நாடகங்கள். அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராதிகாவின் ‘சித்தி’ 1999இல் தொடங்கி இரண்டாண்டு ஓடியது. 2020இல் ‘சித்தி 2’ வந்தது. அடுத்த ஆண்டே ராதிகா விலகினார். சித்தி இல்லாமலும் ‘சித்தி’ ஓடியது. ‘எதிர்நீச்சல்’ நாடகத்தில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்தார். 2024 நடுவில் நாடகம் முடிந்தது. டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று திரும்பியபோது கதாநாயகி ஜனனியின் முகமும் வேறு. ஒரு கதை முடிந்தால் முடியவிட வேண்டும். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருந்ததை மாற்றினால் அதற்கு மீட்டெடுப்பு என்ற சொல் பொருந்தாது.

‘மட்டக்களப்பில் நீங்களும் ஆண்டுதோறும் அதே கர்ணனையும் அதே இராமனையும்தானே கூத்தாடுகிறீர்கள்’ என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. எங்கள் வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் கதைகள் பழையவைதான். திரும்பத் திரும்ப வருபவைதான். ஆனால் இங்கே கன்னன்குடா ஊரில் ஒரு கூத்துப் பழகுகிற விதத்தைப் பாருங்கள். ஊர் கூடியிருக்க, கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் ஆளின் குரலையும் உயரத்தையும் பார்த்து வேடம் பிரித்துச் ‘சட்டம் கொடுப்பார்’. அர்ச்சுனனாக ஆசைப்பட்டவன் சேவகனாக ஆட நேரலாம். கோபம் வரும், சமாதானம் சொல்வார்கள். பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். தாளம் தவறினால் மத்தளத்தோடு அண்ணாவியாரின் வாயும் முழங்கும். சதங்கை அணி விழா, அடுக்குப் பார்த்தல் என்று படிப்படியாகப் போய்த்தான் அரங்கேற்றம். விடியவிடிய வட்டக்களரியைச் சுற்றி இருக்கிற சனத்துக்கு, ஆடுகிறவனின் வீட்டுக் கஷ்டம் ஏற்கெனவே தெரியும். ஆகவே அதைக் களரியில் யாரும் சொல்லிக் காட்டுவதில்லை. வரவாட்டத்தில் கால் சரியாக விழுகிறதா என்பதுதான் அன்றைய பேச்சு. கதை பழையதானாலும் ஆடுகிறவன் இந்த ஊரான், தீர்ப்பும் இந்த ஊராரது.

கூத்தைப் புனிதமாக்கவும் நான் வரவில்லை. பெண் வேடத்தை ஆண்களே கட்டினார்கள். பெண்கள் வெளியே இருந்து பார்த்தார்கள். சாதிப் பெருமையும் ஊர்ச் சண்டையும் களரிக்குள்ளேயே இருந்தன. அதனால்தான் அதை மீட்டெடுக்க வந்தவர்கள் மாற்றவும் வேண்டியிருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். பின்னர் ‘இராவணேசன்’ வந்தது, இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பின் சி. மௌனகுரு. விடியும்வரை ஆடியது சில மணித்தியாலத்துக்குள் சுருங்கி, வட்டக்களரி படச்சட்ட மேடைக்குப் போனது. பிற்காலத்தில் சி. ஜெயசங்கர் மட்டக்களப்பின் சீலாமுனைச் சனத்தோடு இருந்து, கூத்தை ஊரைவிட்டு எடுக்காமல், அதன் உள்ளே இருந்த பெண் ஒதுக்கலையும் சாதியையும் கேள்வி கேட்டு மாற்றும் மீளுருவாக்கத்தைச் செய்தார். எது சரியான வழி என்று இங்கே இன்றும் வாதாடுகிறார்கள். நான் இரண்டாவது வழியின் பக்கம். முதலாவது இல்லாவிட்டால் படித்தவர்கள் கூத்தைத் திரும்பியும் பார்த்திருக்கமாட்டார்கள் என்பதையும் மறுக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசைக் கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்த வியப்பு அதற்குப் பின்னால் இருந்தது. பட்டறையில் பயின்ற பசுபதி போன்றவர்கள் சினிமாவுக்குப் போனார்கள். பட்டறையில் கணக்கராக இருந்தவர் விஜய் சேதுபதி. 2024இல் கமல் ஹாசனின் இடத்தில் ‘பிக் பாஸ்’ நடத்த வந்தார். இந்தியாவில் எந்தக் கலை வாசலால் நுழைந்தாலும் கடைசியில் தொலைக்காட்சி ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கும்போல. இங்கே எங்கள் அண்ணாவிமாருக்கு அப்படி ஒரு நாற்காலி கிடைக்கவில்லை. நல்லதா கெட்டதா என்று ஒரே வாயில் சொல்ல முடியவில்லை.

சக்தி, வசந்தம், நேத்ரா போன்ற தமிழ் அலைவரிசைகள் கொழும்பில் இருக்கின்றன. அடுத்த போட்டிக்கு அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு பருவத்தையாவது ஊர்களில் நடத்துங்கள். ஒரு சுற்று மெல்லிசைக்கும் ஒரு சுற்று கூத்துப் பாட்டுக்கும் விடுங்கள். நடுவர்களில் ஒருவர் மத்தளம் தெரிந்த அண்ணாவியாராக இருக்கட்டும். குறும்படமும் வயலினும் வேண்டாம். பெயரையும் ஊரையும் கேட்டுவிட்டுப் பாட விடுங்கள்.