படத்தில் விழாத சாலை

ஸ்ரீநகரின் நிஷாத் பாக் தோட்டத்தில் மேல்தளத்தில் நின்று பார்த்தால், நடுவில் ஓடும் வாய்க்கால் படிப்படியாக இறங்கி தால் ஏரியில் போய்ச் சேர்வதுபோலத் தெரியும். சேர்வதில்லை. 1630களில் நூர்ஜஹானின் அண்ணன் ஆசஃப் கான் பன்னிரண்டு தளங்களாக இதை அமைத்தபோது கடைசித் தளம் ஏரிக்கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. படகில் வந்து இறங்கினால் அதுதான் வாசல். பிற்காலத்தில் போட்ட கரையோரச் சாலை அந்தத் தளத்தை வெட்டிவிட்டது. வாய்க்காலுக்கும் ஏரிக்கும் நடுவே இப்போது கார்களும் வேன்களும் ஓடுகின்றன. நிஷாத்தின் அழகான படங்கள் எதிலும் அந்தச் சாலையை நான் பார்த்த ஞாபகம் இல்லை. கேமராவைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தால் போதும், செடி வரிசை அதை மறைத்துவிடும். நானும் அப்படித்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்ததுபோல் உறுத்தியது.

இந்தப் பொய்க்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். ஏரி, மலை, பழந்தோட்டம் மூன்றும் ஒரே இடத்தில் கூடிய காஷ்மீருக்கு 1864இல் சாமுவேல் பூர்ன் படமெடுக்கப் போனார். நாட்டிங்ஹாமில் வங்கி குமாஸ்தாவாக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு முந்தைய ஆண்டு கல்கத்தாவில் வந்து இறங்கியிருந்தார். பின்னாளில் பெரும்பெயர் பெற்ற பூர்ன் அண்ட் ஷெப்பர்ட் ஸ்டூடியோவின் பூர்ன் இவர்தான். பஞ்சாப் சமவெளியிலிருந்து மலையேறிய அந்தப் பயணத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட கூலிகள் கூடாரம், கண்ணாடித் தட்டுகள், ரசாயனப் புட்டிகள், கேமரா எல்லாவற்றையும் முதுகில் சுமந்தார்கள்.

அன்றைய ஈரத்தட்டு முறை அப்படிப்பட்டது. கண்ணாடித் தட்டின் நடுவில் கொலோடியனை ஊற்றி, நான்கு மூலைக்கும் ஓடும்படி தோசைக்கல்லைச் சாய்ப்பதுபோல் சாய்க்க வேண்டும். மிச்சத்தைப் புட்டிக்கே வடித்துவிட்டு, இருட்டுக் கூடாரத்துக்குள் தட்டை வெள்ளி நைட்ரேட் கரைசலில் சில நிமிடம் அமிழ்த்தி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கேமராவில் பொருத்திப் படமெடுத்து, ஓடிவந்து கழுவ வேண்டும். காய்ந்தால் தட்டு வீண். காற்றடித்து ஒரு தூசி ஒட்டினாலும் வீண்தான். 1866இல் மணிரங் கணவாயில், தம் கணக்கில் 18,600 அடி உயரத்தில், பூர்ன் இதே வித்தையைச் செய்தார். அவ்வளவு உயரத்தில் அதுவரை யாரும் படமெடுத்ததில்லை.

அந்தத் தட்டுக்கு ஒரு குணம் உண்டு. நீலத்துக்கு மட்டுமீறிக் கூசும். பச்சையையும் சிவப்பையும் அநேகமாகக் கண்டுகொள்ளாது. அதனால் வானம் வெளுத்து வெறுந்தாளாகிவிடும், மரங்கள் கறுத்துப்போகும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850களில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்கு இன்னொன்று என்று எடுத்து இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றிய லின்னேயஸ் டிரைப் இன்னும் துணிச்சல்காரர்: நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகத்தை வரைந்தே விட்டார். வைகைப் படங்களில் மேகம் கண்டால் உடனே நம்ப வேண்டியதில்லை. 1927 ஏப்ரலில் ஆன்சல் ஆடம்ஸ் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே, கையிலிருந்த கடைசித் தட்டுக்கு அடர்சிவப்பு பில்டரை மாட்டினார். வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகிப் பாறை திமிறிக்கொண்டு வந்தது. கண்ணுக்குத் தெரிந்த வானம் அதுவல்ல. மனத்தில் பட்டதை எடுத்தேன் என்பது அவர் கட்சி. லெ கிரேயும் டிரைப்பும் செய்ததிலிருந்து இது எவ்வளவு தூரம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மேகத்தைச் சேர்ப்பதை மன்னித்துவிடலாம். மனிதர்களைக் கழிப்பதுதான் பெரிய சங்கதி. பூர்னின் ஸ்ரீநகர்ப் படங்களில் ஆகச் சிறந்தது பாப்லர் மரச்சாலை: இருபுறமும் நெட்டுக்குத்தாக மரங்கள், கோடுபோல் ஓடி ஒரு புள்ளியில் மறையும் பாதை, அப்படி ஒரு நிசப்தம். அந்த நிசப்தத்துக்கு வெளியே என்ன நடந்தது என்பதை லண்டன் பத்திரிகைக்கு எழுதிய கடிதங்களில் அவரே சொல்கிறார். கூலிகள் சுமையைப் போட்டுவிட்டு ஓடினார்கள், இவர் தடியெடுத்து அடித்தார். யோசெமிட்டி கதையும் இதற்குச் சளைத்ததல்ல. 1861இல் கார்ல்டன் வாட்கின்ஸ் பதினெட்டுக்கு இருபத்திரண்டு அங்குல ராட்சதத் தட்டுகளில் எடுத்த படங்கள், அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்துக்கு ஆதரவு திரட்ட உதவின. 1864இல் லிங்கன் அதில் கையெழுத்திட்டார். யாருமற்ற சொர்க்கமாகத் தெரியும் அந்த இடத்திலிருந்து அவானீச்சி மக்களை ஆயுதப்படை விரட்டியது 1851இல்தான். நம் இலக்கண மொழியில் சொன்னால், முதற்பொருளை வைத்துக்கொண்டு கருப்பொருளை வாசலிலேயே நிறுத்திய கலை இது. அப்புறம் உரிப்பொருள் எங்கிருந்து வரும்?

தோட்டம் வேறு மாதிரிச் சிக்கல். மலையை யாரும் நம் பார்வைக்கென்று வைக்கவில்லை. எங்கே நிற்பது என்பது எடுப்பவர் பாடு. தோட்டத்திலோ நிற்கும் இடத்தைக் கட்டியவன் முன்கூட்டியே முடிவுசெய்திருக்கிறான். ஷாலிமாரிலும் நிஷாத்திலும் வாய்க்காலின் நடுக்கோட்டில் நின்றால் படம் தானாக அமையும். அதனாலேயே எல்லாப் படமும் ஒன்றுபோல் இருக்கும். இதிலிருந்து தப்பியவர் என்று நான் நினைப்பது பாரிஸின் புகைப்படக்காரர் ஆட்ஜேயை. 1925 மார்ச் முதல் ஜூன் வரை, சாவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, கவனிப்பாரற்றுக் கிடந்த ஸோ பூங்காவுக்கு விடிகாலையில் போய்ப்போய் எடுத்தார். பதினேழாம் நூற்றாண்டில் லெ நோத்ர் வகுத்த தோட்டம் அது. நடுக்கோட்டை விட்டு விலகி ஓரமாக நின்றார்: கறைபிடித்த சிலை, புல் முளைத்த படி, மொட்டை மரம் நிழலாடும் குளம். சில படங்களில் காலை ஏழு மணி, எட்டு மணி என்று நேரத்தையும் குறித்துவைத்தார். அரசன் பார்க்க விரும்பிய தோட்டம் வெர்சாயில் இருக்கிறது. தோட்டம் தனியாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்பது இங்கே.

காலம் போனபின் இந்தப் படங்களுக்கு யாரும் எண்ணிப் பாராத ஒரு பயன் வந்து சேர்ந்தது. 1921இல் எவரெஸ்ட் பயணக் குழுவினர் ரோங்புக் பனியாற்றை எடுத்த அதே இடத்தைத் தேடிப்பிடித்து, டேவிட் பிரெஷியர்ஸ் 2007இல் மறுபடி எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பனி செங்குத்தாக ஏறக்குறைய நூறு மீட்டர் இறங்கியிருக்கிறது. பழைய படத்தில் கலைக்காக எதையும் ஒதுக்காமல் விட்ட மூலைகள்தான் இப்போது ஒப்பிட உதவுகின்றன.

பூர்ன் 1860களின் கடைசியில் ஊட்டிக்கும் வந்தார். அந்தக் காலத்து ஊட்டிப் படங்களில் குன்றுகள் மொட்டையாகத் தெரியும். அது வறட்சி இல்லை. புல்வெளிதான் அந்த மலையின் இயல்பு, சோலைகள் மடிப்புகளில் மட்டும். யூகலிப்டஸும் சீகையும் பின்னர் மூடிக்கொண்டன. ஏரிகூட 1820களில் ஜான் சல்லிவன் அணைகட்டி உண்டாக்கியது. இன்று அதே கோணத்தில் எடுக்க ஆசைப்பட்டால் குன்றுக்கு முன்னால் மரம் நிற்கும். பழைய படங்களில் தண்ணீராகத் தெரியும் இடத்தின் ஒரு பகுதி பிற்பாடு குதிரைப் பந்தயத் திடலாகவும் பஸ் ஸ்டாண்டாகவும் மாறியது.