பிறந்த இடத்துக்கு மீளல்: இளமை நினைவும் நில உறவும்

இளமையில் வாழ்ந்த இடத்தை நெடுங்காலத்தின் பின் சென்று காண்பதும், கண்டதை எழுதுவதும் உலக இலக்கியங்கள் பலவற்றில் ஒரு தனி மரபாகவே நிலைபெற்றுள்ளன. தமிழில் இதன் வேர்களைப் புறநானூற்றிலேயே காணலாம். தொடித்தலை விழுத்தண்டினார் பாடலில், கோலூன்றிய முதியவர் ஒருவர் மடுவிற் குதித்து அடிமணலை அள்ளிவந்த தம் இளமையை எண்ணி இரங்குகின்றார். பாரி மகளிர் பாடலில், ஒரு திங்களுக்கு முன் தந்தையும் குன்றும் தமக்கிருந்த நிலை நினைக்கப்படுகின்றது. இவ்விரண்டும் கையறுநிலை என்னும் ஒரே துறையில் அடக்கப்பட்டுள்ளன. ஆயின் முதியவர் இழந்தது வயது. பாரி மகளிர் இழந்தது மலை. முன்னதை இயற்கை கொண்டது. பின்னதை மூவேந்தர் கொண்டனர். இவ்வேறுபாட்டைக் கருதாது, கடந்ததை எண்ணி எழுதப்படும் யாவற்றையும் ‘பழமை ஏக்கம்’ என ஒரே பெயரிட்டு ஒதுக்கும் போக்கு எமது விமர்சனத்தில் நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. அப்போக்கை மறுபரிசீலனை செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்போக்குக்குக் காரணங்கள் இல்லாமலில்லை. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் அதனைச் சார்ந்த விமர்சகர்களும் ‘மண்வாசனை’, ‘தேசிய இலக்கியம்’ ஆகிய கோட்பாடுகளை முன்வைத்தபோது, எழுத்தாளனின் பார்வை நிகழ்காலப் போராட்டத்தின் மீதே பதிதல் வேண்டுமென வற்புறுத்தினர். அன்றைய சூழலில் அது தேவையான வற்புறுத்தலே. மத்தியதர வர்க்கத்து எழுத்தாளன் நகரில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, விடுமுறைக்குச் சென்ற கிராமத்தின் வேப்பமரத்தையும் கிணற்றடியையும் பாடியதைக் கண்டு அவர்கள் சலித்தமை வியப்பன்று. ஆனால் அச்சலிப்பு நாளடைவில் ஒரு வாய்பாடாகியது. எமக்கும் இக்குற்றத்திற் பங்குண்டு. ஆய்வு மாணவராயிருந்த காலத்தில் எழுதிய கட்டுரையொன்றில், லயத்து நினைவுகளைச் சித்திரித்த மலையகச் சிறுகதைகள் சிலவற்றை ‘பின்னோக்கிய கண்ணீர்’ என்று இரண்டே வரிகளில் தள்ளிவிட்டோம். அந்த இரண்டு வரிகளை இன்று மீளப் பெற விரும்புகின்றோம்.

றேமண்ட் வில்லியம்ஸ் ‘த கன்ட்றி அண்ட் த சிட்டி’ (1973) என்னும் நூலில், ஆங்கில இலக்கியத்தில் ‘அண்மையில் மறைந்துபோன நல்ல கிராமம்’ ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருபடி பின்னே நகர்ந்துகொண்டே செல்வதை எடுத்துக்காட்டினார். இந்நூலை ஏக்க இலக்கியத்துக்கு எதிரான ஆயுதமாக மட்டும் எடுத்துக்கொண்டோர், இதே ஆசிரியர் வேல்ஸ் எல்லைக் கிராமமொன்றின் புகையிரதச் சமிக்ஞைத் தொழிலாளியின் மகன் என்பதையும், ஊர் மீளும் மகனைப் பற்றி ‘போடர் கன்ட்றி’ (1960) என்னும் நாவலை எழுதியவர் என்பதையும் மறந்துவிடுகின்றனர். ஆகவே மீள்வோன் யார், அவன் விட்டுச்சென்ற நிலத்தோடு அவன் குடும்பத்துக்கிருந்த உறவு யாது என்பனவே முதலிற் கேட்கப்பட வேண்டிய வினாக்கள்.

இவ்வினாக்களைத் தெளிவுபடுத்தத் தென்னாபிரிக்கப் பிராந்தியம் நல்லதோர் ஒப்பீட்டைத் தருகின்றது. 1919ஆம் ஆண்டில் இரு குழந்தைகள் பிறந்தன. ஒன்று டொறிஸ் லெஸ்ஸிங். பாரசீகத்திற் பிறந்து, 1925இல் பெற்றோருடன் தென் றொடீசியாவுக்குச் சென்று, பங்கெற் என்னும் இடத்தருகே ஒரு பண்ணையில் வளர்ந்தவர். மற்றது எஸ்கியா ம்பாலேலே. பிரிட்டோரியாவின் மாராபஸ்டாட்டில் பிறந்து, ஐந்து வயதளவில் வடபுலத்து மாவுபனெங் கிராமத்துக்குப் பாட்டியிடம் அனுப்பப்பட்டவர். 1913ஆம் ஆண்டின் நிலச்சட்டம் தென்னாபிரிக்க நிலத்தில் ஏறத்தாழ 7 வீதத்தையே கறுப்பின மக்களுக்கென ஒதுக்கியது. 1930ஆம் ஆண்டின் நிலப் பகிர்வுச் சட்டம் தென் றொடீசியாவின் பாதியளவை வெள்ளையருக்குரியதாக்கியது. இவ்விரு சட்டங்களே இவ்விரு குழந்தைகளின் ‘இயற்கைக் காட்சி’யை வரைந்தன எனில் மிகையாகாது.

1949இல் இலண்டன் சென்ற லெஸ்ஸிங், 1956இல் மீண்டும் சென்று பார்த்து, ‘கோயிங் ஹோம்’ (1957) என்னும் நூலை எழுதினார். அதன்பின் அந்நாட்டுக்குள் வருவது அவருக்குத் தடைசெய்யப்பட்டது. 1980இல் ஸிம்பாப்வே விடுதலை பெற்ற பின்னரே மீண்டும் செல்ல முடிந்தது. 1982 முதல் 1992 வரையிலான நான்கு பயணங்கள் ‘ஆபிரிக்கன் லாஃப்டர்’ (1992) நூலாயின. மண்ணும் மரக்கொம்பும் கூரைப்புல்லும் கொண்டெழுந்த தம் பழைய வீட்டை அவர் நினைவுகூரும் பக்கங்கள் ஆற்றல் மிக்கவை. அது கறையான் தின்னும் வீடு. காட்டிலிருந்து வந்து காட்டுக்கே திரும்பும் வீடு. தம் இனத்தவர் அந்நிலத்தை எவ்வாறு பெற்றனர் என்பதை அவர் மறைக்கவில்லை. வெள்ளைப் பண்ணையாளரின் ஓயாத முறைப்பாடுகளைக் கூரிய செவியுடன் பதிவுசெய்கின்றார். எனினும் அவ்வீட்டுச் சுவருக்கு மண் குழைத்த கைகள், வீடு நெருங்கி வருமளவுக்கு அவரது எழுத்தில் நெருங்கி வரவில்லை என்பது எமது துணிபு. அவருடைய நேர்மையின் குறையென்று இதனைக் கூற மாட்டோம். பண்ணைச் சொந்தக்காரரின் மகளுக்கு அவ்வீட்டிலிருந்து தெரிந்த தூரம் அவ்வளவே.

ம்பாலேலேயின் ‘டவுன் செக்கண்ட் அவென்யூ’ (1959) இதற்கு நேர்மாறாகத் தொடங்குகின்றது. ஆடு மேய்த்த அச்சிறுவனுக்கு மாவுபனெங்கின் மலை அழகன்று, அச்சம். பாட்டியின் கண்டிப்பும் இருளும் பசியுமே அங்குள்ள இளமை. நாட்டுப்புறத்தைச் சொர்க்கமாகக் காட்டும் கடப்பாடு எதுவும் அவருக்கில்லை. ஆயினும் 1957இல் நாடு நீங்கிய அவர், இருபது ஆண்டுகளின் பின், இனஒதுக்கல் ஆட்சி நீடிக்கையிலேயே, நண்பர் பலர் கண்டிக்க, 1977இல் அதே வடபுலத்துக்குத் திரும்பினார். லெபோவாவில் பாடசாலைப் பரிசோதகராகப் பணியாற்றினார். வெறுத்த மலைக்கு ஏன் திரும்ப வேண்டும்? பழமை ஏக்கம் என்னும் சொல் இங்கே விடையாகாது. இளமையில் இன்பம் தராத இடமும் ஒருவருக்கு உரிய இடமாயிருக்கலாம். அவ்வுரிமை மறுக்கப்படும்போது, நினைவு ஒரு வழக்குரையாகி விடுகின்றது.

இவ்விடத்தில் நாம் எமது மண்ணுக்கு வருகின்றோம். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டையைக் கடந்து குருநாகல் வீதியிற் செல்வோர் கலகெதரவை அடைவர். அதன் பின் வீதி மாவத்தகமைப் பக்கமாகச் சமநிலத்தை நோக்கி இறங்குகின்றது. கண்டி இராச்சியத்தின் வாயில்களுள் ஒன்றாயிருந்த இக்கணவாயிற் காவற்கோட்டை இருந்தது. 1803ஆம் ஆண்டுப் படையெடுப்பில் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். அருகேயுள்ள மடிகே என்னும் முஸ்லிம் ஊரின் பெயர், கண்டி மன்னர் காலத்திற் பொதிமாடுகள் வழியாகப் போக்குவரத்தை நடத்திய ‘மடிகே பத்த’ என்னும் நிருவாகப் பிரிவை நினைவூட்டுவது. சிங்களக் குடியானவரின் வயல்கள் பள்ளத்தில். முஸ்லிம்களின் கடைகளும் தோட்டங்களும் வீதியோரத்தில். இறப்பரும் தேயிலையும் மிளகும் மேட்டில். இவ்வடுக்கு இயற்கையாக அமைந்ததன்று. உறுதி காட்ட இயலாத காட்டு நிலத்தையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாகக் கொள்ள வழிசெய்த 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், ஏக்கர் 5 சிலிங்காகக் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்ட நிலங்கள், அந்நிலத்தில் உழைக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டோர் என்பனவற்றின் விளைவு அது. பிற்காலத்துத் தென்னாபிரிக்க நிலச்சட்டங்களுக்கு ஒரு மூத்த உறவு கண்டி மலைகளில் இருந்ததென்பது மனங்கொள்ளத்தக்கது.

சிங்கள இலக்கியத்தில் இளமைக் கிராமத்தை எழுதிய நூல்களுள் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘அபே கம’ (1940) தலையாயது. அது வெளிவந்து சில ஆண்டுகளுள், இரண்டாம் உலக யுத்தத்தின்போது, அவரது கொக்கலைக் கிராமத்தவர் விமானத் தளத்துக்காக வெளியேற்றப்பட்டனர். எழுதி முடித்த கிராமம் பறிபோயிற்று. ஆனால் ‘எமது கிராமம்’ என்று தலைப்பிடும் உரிமையை எவரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை.

மலையகத் தமிழ் எழுத்தாளனுக்கு அத்தலைப்பே கிட்டாது. மடக்கும்புர தோட்டத்திற் பிறந்த ஸி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தம் நூல்களுக்கு இட்ட பெயர்களை நோக்குக: ‘வீடற்றவன்’, ‘நாடற்றவர் கதை’. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் விலக்கப்பட்டவர்களுக்கு, 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு கதவைத் திறப்பதாகக் கூறியது. 1946 ஜனவரிக்கு முந்திய தொடர்ச்சியான வதிவை, மணமானோர் 7 ஆண்டுகளுக்கும் மணமாகாதோர் 10 ஆண்டுகளுக்கும், நிரூபித்தல் வேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பிக்கப்பட்டும், ஏறத்தாழ 1,34,000 பேரே அவ்வழியிற் குடியுரிமை பெற்றனர். பிறந்த லயத்தின் பீலியையும் மாரியம்மன் கோயிலையும் ஒருவர் எவ்வளவு நுணுக்கமாக நினைவு வைத்திருந்தாலும் அது சான்றாகாது. தோட்டத்துப் புத்தகத்தின் ஒரு வரியே சான்று. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கெனவும் 3,00,000 பேரை இலங்கைக்கெனவும் பிரித்தபோது, குடும்பங்களின் நினைவும் அவ்வாறே பிரிந்தது. நீலகிரியில் இறங்கியோர் அங்கே ‘சிலோன்காரர்’ ஆயினர். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றபின் பிறந்த தோட்டத்தைச் சென்று காணும் வழியும் அவர்களுக்கு அடைபட்டது. நாடற்றிருந்தோருட் பெரும்பாலோர்க்குச் சட்டம் விடை கூறியது 2003இலேயே.

இப்பகைப்புலத்தில், பிறந்த இடத்தைப் பற்றிய மலையகத்தின் மிக வலிய எழுத்து ஓர் இலக்கிய நூலில் இல்லை, நீதிமன்றத் தீர்ப்பொன்றில் உள்ளது என்று கூறத் துணிகின்றோம். கேகாலைப் பகுதியிலுள்ள நேவ்ஸ்மியர் தோட்டத்தைத் தொழிலாளர் ‘உருளவள்ளி’ என்பர். 1946இல் கிராம விஸ்தரிப்புக்கென அரசு அதனை எடுத்து, தொழிலாளரை வெளியேறப் பணித்தது. அவர்கள் மறுத்தனர், மலையகமெங்கும் வேலைநிறுத்தம் மூண்டது. தம் சொந்தக் காம்பிராவில் இருந்த குற்றத்துக்காக, அத்துமீறல் என்று வழக்குத் தொடரப்பட்டது. செல்வநாயகம் என்னும் தொழிலாளியின் பெயரில் அவ்வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. தன் வீட்டிலேயே தொடர்ந்திருக்க ஒருவன் கொள்ளும் நோக்கம், பிறரைத் தொந்தரவு செய்யும் குற்றநோக்கமாகாது என 1950இல் அங்கு முடிவாயிற்று. ‘வீடு’ என்னும் சொல் லயத்துக் காம்பிராவுக்குப் பொருந்துமென்பதை நிலைநாட்ட ஒரு தொழிலாளி ஏறவேண்டியிருந்த படிகள் இவை. எமது இலக்கிய வரலாறுகளில் இவ்வழக்குக்கு ஒரு வரியும் இல்லை.

சென்ற ஆண்டு நாம் பிறந்த தோட்டத்துக்கு, கலகெதரவுக்கு மேலுள்ள மேட்டுக்கு, பல ஆண்டுகளின் பின் சென்றோம். திரும்பி வந்து எழுதிய குறிப்புகளை இப்போது படிக்கையில் வெட்கமுண்டாகின்றது. வெயிலில் இறப்பர்க் கொட்டை வெடிக்கும் ஒலி, பீலித் தண்ணீரின் குளிர், மாலை மூட்டம் என மூன்று பக்கங்கள். பிரட்டு என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை. அம்மா விடியுமுன் எழுந்து பால் வெட்டச் சென்றதும், நாம் பிள்ளை மடுவத்தில் விடப்பட்டதும் இல்லை. வர்க்க ஆய்வில் கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவரின் குறிப்பு அது! கல்வியால் வர்க்கம் மாறியவனின் கண்ணுக்கு உழைப்பு முதலில் மறைந்து காட்சி மிஞ்சுகின்றது. லெஸ்ஸிங்கின் பண்ணை வீட்டுத் தூரத்தை நாம் லயத்திலிருந்தே எய்திவிட்டோம்.

லயத்திற் பாதி இல்லை. தகரம் போய்ச் சுவர்கள் நிற்கின்றன. எஞ்சிய பகுதியில் இருந்த மூதாட்டி ஒருவர், “யாரு வீட்டுப் புள்ளைங்க நீங்க?” என்று கேட்டார். பெயரைச் சொன்னோம், அவருக்குத் தெரியவில்லை. அம்மாவின் பெயரைச் சொன்னதும், “மூணாம் லயம், கடைசிக் காம்பிரா. பால் வாளியோட வழுக்கி விழுந்துச்சே, அதோட மகனா?” என்றார். அம்மா விழுந்ததை நாம் அறிந்திருக்கவில்லை. பீலித் தண்ணீரைப் புகழ்ந்தபோது, “குடிச்சவங்களுக்கு இனிக்கும். தூக்குனவங்களக் கேளுங்க தம்பி” என்றார்.

அவரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில், அவருடைய தந்தையார் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்ததற்கு வந்த நிராகரிப்புக் கடிதம், நான்காக மடித்தபடி. மடிப்புகளில் எழுத்து அழிந்துள்ளது. அதனை வாசித்துக் காட்டும்படி கேட்டார். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை வாசித்தபோது இடைமறித்து, “அது என்னா பேரு?” என்றார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே வாழ்பவர். தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயரைச் சொன்னோம். “அப்படின்னு எழுதலியா அதுல?” என்று கேட்டுவிட்டுக் கடிதத்தை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டியில் வைத்தார்.