துணைப் பாத்திரத்தின் வரலாறு

திரைப்பட விமர்சனம் என்ற பெயரில் வெளிவரும் கட்டுரைகளுட் பெரும்பாலானவை கதாநாயகன், கதாநாயகி ஆகியோரின் புகழைப் பாடுவதோடு அமைந்துவிடுகின்றன. சிறிது முயற்சியுடையோர் நெறியாளரைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை கூறுவர். ஆயின், ஒரு படத்தின் உலகத்தை நாம் நம்பும்படி செய்வோர் யாவர்? கதவைத் திறந்துவிடும் பணிப்பெண், மூலையில் மௌனமாய் நிற்கும் விதவை, மகளுக்குப் புத்தி சொல்லும் தாய் ஆகிய சிறு பாத்திரங்களை ஏற்போரே அதனைச் செய்கின்றனர். இவர்களின் முகம் நம் நினைவில் நிற்கிறது, பெயர் நிற்பதில்லை. சந்தைக்கு வந்த பண்டத்துள் அதனை ஆக்கியவனின் உழைப்பு மறைந்துகிடப்பது போலவே, நட்சத்திரத்தின் ஒளியில் துணை நடிகரின் உழைப்பும் மறைந்துவிடுகிறது.

அவ்வாறு மறைந்தவற்றைத் தோண்டிப் பார்க்குமிடத்து ஒரு காலத்தின் சமுதாய வரலாறே அங்கு கிடக்கக் காணலாம். ஹொலிவூட் நடிகை கேல் சொண்டர்கார்டின் (1899-1985) கலைவாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்திலே, டேனிய வழிவந்த குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். நாடக மேடையிற் பயின்று, 1930இல் ஹேர்பேர்ட் பிபர்மன் என்னும் நாடக நெறியாளரை மணந்தார். கணவருக்குத் திரைப்படத் தொழில் கிடைத்தமையால் ஹொலிவூட் சென்ற அவர், மேர்வின் லிறோய் நெறிப்படுத்திய 'அன்ரனி அட்வேர்ஸ்' (1936) என்னும் படத்திலே சூழ்ச்சி மிக்க வீட்டு மேற்பார்வையாளராகத் தோன்றினார். அதுவே அவரது முதற்படம். அவ்வாண்டிற்கான ஒஸ்கார் பரிசுகளிலேதான் துணை நடிகருக்கென முதன்முறையாகத் தனிப் பரிசுகள் ஏற்படுத்தப்பட்டன. துணை நடிகைக்கான முதற் பரிசு சொண்டர்கார்டுக்குக் கிடைத்தது. நாயகன், நாயகியருக்கு வழங்கப்பட்ட பொற்சிலை துணை நடிகருக்கு வழங்கப்படவில்லை என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பட்டயமே. முழு அளவுச் சிலையைப் பெறுவதற்கு அவர்கள் 1944 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பாராட்டிலும் படிநிலை வகுத்த தொழில் அது.

ஒரு முகம் ஒரு வகைப் பாத்திரத்தில் விலைபோயிற்றென்றால், அம்முகத்தை அதே வகையிற் பன்முறை விற்பதே முதலாளித்துவத் திரைத்தொழிலின் நியதி. கரிய கூந்தலும், உயர்ந்த கன்னவெலும்பும், பொருள் புலப்படாத புன்னகையும் கொண்ட சொண்டர்கார்ட், ஹொலிவூட்டின் கணக்கில் 'ஆபத்தான பெண்' ஆனார். ஷேர்லொக் ஹோம்ஸ் படவரிசையிலே சிலந்தியை ஏவிக் கொல்லும் கொலையாளியாகவும் வந்தார். 'தி விசார்ட் ஒஃப் ஒஸ்' (1939) படத்தின் சூனியக்காரி வேடமும் முதலில் அவருக்கே தரப்பட்டது. கவர்ச்சியான சூனியக்காரியைக் கோர உருவினளாக மாற்ற முற்பட்டபோது அவர் விலகிக்கொண்டார். இவ்விலகலுக்கு அரசியற் காரணம் எதுவுமில்லை. தொழிலில் தம் முகத்தின் மதிப்பைக் காக்க ஒரு நடிகை செய்த முடிவே அது. எனினும் மறுப்பதற்கு அஞ்சாத இயல்பை அதிற் காண்கிறோம்.

அவரது ஆற்றலை அறிய விரும்புவோர் வில்லியம் வைலர் நெறிப்படுத்திய 'தி லெற்றர்' (1940) படத்தைப் பார்த்தல் வேண்டும். சொமசெற் மோமின் படைப்பைத் தழுவிய இப்படத்தின் களம் பிரித்தானிய மலாயாவின் இறப்பர்த் தோட்டம். தோட்டத்துரையின் மனைவியாகிய லெஸ்லி (பெற்றி டேவிஸ்) தன் காதலனைச் சுட்டுக் கொல்கிறாள். அவளது குற்றத்தை நிரூபிக்கத்தக்க கடிதம் இறந்தவனின் மனைவியிடம் இருக்கிறது. அம்மனைவியே சொண்டர்கார்ட் ஏற்ற பாத்திரம். ஆங்கிலம் பேசாத அவள் பத்தாயிரம் டொலர் கேட்கிறாள். லெஸ்லி தானே நேரில் வரவேண்டும் என்றும் கேட்கிறாள். லெஸ்லி வந்து நிற்கையில் கடிதத்தைக் கையிற் கொடாது நிலத்திலே போடுகிறாள். துரைசானி குனிந்து அதனைப் பொறுக்கவேண்டியதாகிறது. பணமும் சட்டமும் வெள்ளையருக்குத் துணைநிற்கும் குடியேற்ற நாட்டிலே, ஒரு கணம் மட்டும் மேலது கீழாகிறது. வசனத்தின் துணையின்றி, அசையாத முகத்தால் அக்கணத்தைச் சொண்டர்கார்ட் படைத்துக் காட்டுகிறார். படத்தின் நாயகி பெற்றி டேவிஸ். அக்காட்சியின் நாயகி சொண்டர்கார்ட் எனலாம்.

ஆயினும் பாராட்டோடு நின்றுவிடுதல் விமர்சனம் ஆகாது. மோமின் மூலத்தில் அப்பெண் இறந்தவனின் சீனக் காதலி. இன வேறுபாடு கடந்த உறவைத் திரையிற் காட்டுதல் ஆகாதென அன்றைய ஹொலிவூட் தணிக்கை விதி தடுத்தமையால், அவள் கலப்பினத்தவளாகவும் முறைப்படி மணந்த மனைவியாகவும் மாற்றப்பட்டாள். அப்பாத்திரத்தை ஏற்றவரோ வெள்ளை நடிகை. 'அன்னா அன்ட் த கிங் ஒஃப் சியாம்' (1946) படத்திலே சியாம் மன்னனின் மூத்த மனைவியாக நடித்து, சொண்டர்கார்ட் மீண்டும் ஒஸ்கார் பரிந்துரை பெற்றார். சீன அமெரிக்க நடிகையான அன்னா மே வொங் அதே ஹொலிவூட்டில் இருந்தார். சீன உழவரின் கதையாகிய 'தி குட் ஏர்த்' (1937) படத்தில்கூட நாயகி வேடம் அவருக்குக் கிடைக்கவில்லை; ஐரோப்பிய நடிகை லூயிஸ் றெயினருக்கே கிடைத்தது. ஆசியப் பெண்ணின் கதை வேண்டும், ஆசியப் பெண் வேண்டாம் என்பதே அத்தொழிலின் நிலைப்பாடு. சொண்டர்கார்ட் அந்த நிலைப்பாட்டின் பயனைப் பெற்றவர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. அவரது வாழ்வின் பிற்பகுதியை மதிப்பிடுவதற்கு இதனை நினைவிற் கொள்ளல் அவசியம்.

வஞ்சகியாகவே வார்க்கப்பட்ட அந்நடிகைக்குக் கிடைத்த மாறுபட்ட வேடங்களுள் ஒன்று 'தி லைஃப் ஒஃப் எமில் சோலா' (1937) படத்தில் அமைந்தது. பொய்க் குற்றச்சாட்டில் 1894இல் தண்டிக்கப்பட்ட யூத இனப் படை அதிகாரியான டிறேஃபசின் மனைவி லூசியாக அவர் நடித்தார். முதுமையில் வசதியோடு ஓய்ந்திருந்த எழுத்தாளன் சோலாவிடம் லூசி சென்று நீதி கேட்கிறாள். அவளது சொல் அவன் உறக்கத்தைக் கலைக்கிறது. அவன் அரசையும் படையையும் எதிர்த்து எழுதுகிறான். அவ்வாண்டின் சிறந்த படமாக ஹொலிவூட் இதனைத் தேர்ந்தெடுத்துப் பெருமை கொண்டது. ஆனால் யூத வெறுப்பின் கதையைச் சொல்லும் அப்படத்தில் 'யூதர்' என்ற சொல்லை ஒருவரும் உச்சரிப்பதில்லை. துணிவைப் போற்றும் படத்தை எடுப்பதற்கும் அத்தொழில் எவ்வளவு அஞ்சியது என்பதற்கு இதுவே போதிய சான்று.

பத்தாண்டு கழிந்ததும் அக்கதை வாழ்விலே நிகழ்ந்தது. 1947 ஒக்டோபரிலே, அமெரிக்கப் பண்புக்கு மாறான செயல்களை விசாரிக்கும் பிரதிநிதிகள் சபைக் குழு, ஹொலிவூட் கலைஞரை வாஷிங்டனுக்கு அழைத்தது. கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினரா என்ற கேள்விக்கு விடையளிக்க மறுத்த பதின்மருள் பிபர்மனும் ஒருவர். அடுத்த மாதமே படமுதலாளிகள் நியூயோர்க்கிற் கூடி, அப்பதின்மருக்கும் வேலையில்லை என அறிவித்தனர். 1950இல் பிபர்மன் சிறை சென்றார். யூதரான தம் கணவர் சிறைசெல்வதைத் திரையில் லூசியாக நின்று பார்த்தவர், இப்பொழுது தம் வாழ்விலேயே பார்க்க நேர்ந்தது.

1951 மார்ச்சில் சொண்டர்கார்டுக்கே அழைப்பு வந்தது. விசாரணைக்கு முன்னர் அவர் தமது தொழிற்சங்கமாகிய திரை நடிகர் சங்கத்துக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். வேலைமறுப்பிலிருந்து உறுப்பினரைப் பாதுகாக்குமாறு கேட்டார். அப்போது சங்கத் தலைவராக இருந்தவர் பின்னர் நாட்டின் ஜனாதிபதியான றொனால்ட் றேகன். தன் செயலால் மக்கள் கருத்தைப் புண்படுத்தி விலைபோகாதவராகிவிட்ட நடிகரை வேலைக்கு அமர்த்துமாறு எந்த முதலாளியையும் வற்புறுத்த முடியாது என்ற பொருள்படச் சங்கம் விடை பகர்ந்தது. தொழிலாளருக்காக அமைந்த சங்கம் முதலாளியின் கணக்குப் புத்தகத்திலிருந்து வாதம் தேடிற்று. லூசியின் கதவுக்கு ஒரு சோலா வந்தான். சொண்டர்கார்டின் கதவுக்கு எவரும் வரவில்லை.

மார்ச் 21ஆம் தேதி, குழுவின் முன் அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்தைச் சுட்டி அவர் விடையளிக்க மறுத்தார். அதே நாளில் விசாரிக்கப்பட்ட நாயக நடிகர் லறி பார்க்ஸ், தோழரைக் காட்டிக்கொடுக்கும்படி தம்மைக் கட்டாயப்படுத்த வேண்டாமென மன்றாடினார். பின்னர் மூடிய அறையில் பெயர்களைக் கூறினார். அவ்வாறு கூறியும் அவரது திரைவாழ்வு மீளவில்லை. பணிந்தவனுக்கும் பாதுகாப்பில்லை என்பதை இது உணர்த்துகிறது.

இவ்விடத்து நடிகருக்கும் எழுத்தாளருக்குமிடையே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். தடைசெய்யப்பட்ட எழுத்தாளர் புனைபெயரில் எழுதிப் பிழைத்தனர். எமது நாட்டின் கித்துள்கலையிலே படமாக்கப்பட்ட 'தி பிரிட்ஜ் ஒன் த றிவர் குவாய்' (1957) படத்தின் திரைக்கதையை எழுதியோர் தடைப்பட்டியலில் இருந்த மைக்கல் வில்சனும் கார்ல் ஃபோர்மனுமே. ஆனால் அதற்குரிய ஒஸ்கார் பரிசு மூலநாவலை எழுதிய பியர் பூலுக்குச் சென்றது. தவறு திருத்தப்பட 1980கள் வரை சென்றது. பெயர் களவுபோயினும் எழுத்து வெளிவந்தது. நடிகைக்கோ புனைமுகம் இல்லை. 1949இல் அதே லிறோயின் நெறியாள்கையில் வெளிவந்த 'ஈஸ்ட் சைட், வெஸ்ட் சைட்' படத்தின் பின் இருபது ஆண்டுகள் சொண்டர்கார்டைத் திரை காணவில்லை. அவை ஐம்பதிலிருந்து எழுபது வரையான வயது. குணசித்திர நடிப்பு முதிர்ந்து கனியும் பருவம்.

இந்த இருபது ஆண்டுகளுள் அவர் நடிக்காத ஒரு வேடமே எம் நெஞ்சில் மேலோங்கி நிற்கிறது. சிறை மீண்ட பிபர்மன், மேலே கூறிய மைக்கல் வில்சனின் திரைக்கதையைக் கொண்டு 'சோல்ட் ஒஃப் த ஏர்த்' (1954) என்ற படத்தை ஆக்கினார். நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் நாகச் சுரங்கத் தொழிலாளரது வேலைநிறுத்தமே கதை. ஆண்கள் மறியல் செய்வதை நீதிமன்றம் தடுத்தபோது, அவர்தம் மனைவியர் மறியலைத் தொடர்ந்தனர். மெக்சிக்க அமெரிக்கப் பெண்ணான எஸ்பெரன்சா என்னும் நாயகியின் வேடம் முதலிற் சொண்டர்கார்டுக்கே எண்ணப்பட்டிருந்தது. வாழ்நாள் முழுதும் துணைப் பாத்திரமாக நின்றவருக்கு, வேலையற்று வாடிய காலத்தில், தம் கணவரின் படத்திலேயே வந்த நாயகி வேடம் அது. எனினும், அம்மக்களின் கதையில் அம்மக்களே முன்னிற்கவேண்டும் என்று படக்குழுவினர் முடிவுசெய்தனர். மெக்சிக்க நடிகை றொசாரா றெவுவெல்தாஸ் நாயகியானார். உண்மையான தொழிற்சங்கத் தலைவர் ஹுவான் சக்கோன் நாயகனானார். படப்பிடிப்பு முடியுமுன் றெவுவெல்தாஸ் குடிவரவு அதிகாரிகளாற் கைதுசெய்யப்பட்டார். விரல்விட்டு எண்ணத்தக்க அரங்குகளிலேயே படம் காட்டப்பட்டது. 1992இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது.

கலையைக் கலையாக மட்டும் நோக்கவேண்டும், நடிகையின் அரசியல் எதற்கு எனச் சிலர் வினவலாம். இரண்டையும் பிரித்தது யார் என்று நாம் கேட்கிறோம். ஆசியப் பெண்ணின் வேடத்தை வெள்ளை நடிகைக்குக் கொடுத்ததும் அரசியல். பின்பு அந்நடிகையை வீட்டுக்கு அனுப்பியதும் அரசியல். பிறருக்குரிய இடத்தை அறியாதே பெற்ற ஒரு கலைஞர், தமக்கு மிகவும் தேவைப்பட்ட வேளையில் அத்தகைய இடத்தை உரியவளுக்கு விட்டு நின்றார் என்பதே அவரது நடிப்புப் பயணத்தின் முழுமை.

1969இல், பிபர்மன் நெறிப்படுத்திய 'சிலேவ்ஸ்' என்ற அடிமைமுறை பற்றிய படத்தின் மூலம் அவர் திரைக்கு மீண்டார். பிபர்மன் 1971இற் காலமானார். அதன் பின்னரும் சில படங்களில் அவர் நடித்தார். இழந்த இருபது ஆண்டுகளை எவரும் மீட்டுக் கொடுக்கவில்லை.

ஒரு படம் முடிந்ததும் பெயர்ப்பட்டியல் ஓடுகையில் எழுந்து செல்வது எம்மில் பலரது வழக்கம். மாணவருக்குத் திரைக்கலையை அறிமுகஞ் செய்யும் ஆசிரியர்கள் அப்பட்டியலின் ஆறாம், ஏழாம் பெயர்களிலிருந்து பாடத்தைத் தொடங்கிப் பார்ப்பார்களாக. அப்பெயர்கள் எப்போது தோன்றின, எந்த ஆண்டில் திடீரென மறைந்தன, ஏன் மறைந்தன என்று கேட்பதே சமுதாய நோக்குடைய விமர்சனத்தின் முதற்படியாகும்.