குட் வில் ஹண்டிங்: தன்வெளிப்பாடும் வில்லின் வளர்ச்சியும்

உறவு நெருங்க நெருங்க, வெங்காயம் உரிவதுபோல் மனிதர் தம்மை அடுக்கடுக்காக வெளிப்படுத்துவர் என்பது ஆல்ட்மன், டெய்லர் இருவரும் 1973இல் விரித்துரைத்த சமூக ஊடுருவல் கோட்பாடு. கஸ் வான் சான்ட் இயக்கிய 'குட் வில் ஹண்டிங்' (1997) படத்தின் நாயகன் வில் வெளித்தோலிலேயே நின்றுவிடுகிறான். காதலி ஸ்கைலரிடம் தனக்கு 12 அண்ணன்மார் என்று பொய் சொல்கிறான். சிறுவயதில் பட்ட சிகரெட் சூட்டைப் பின்னர் அவளிடம் சொல்வதும் கோபத்தில் கத்தித்தான். அந்த உண்மை உறவை முறிக்கிறது. வெங்காய உவமை இதை விளக்காது.

உளவியலாளர் ஷான் வேறு வழியில் செல்கிறார். பூங்கா இருக்கையில் முதலில் தன் இழப்பைத் தானே பேசுகிறார். அடுத்த சந்திப்பில் மௌனமாக அமர்கிறார். மௌனத்தைக் கலைப்பது வில் சொல்லும் ஒரு மட்டமான நகைச்சுவை. பதிலுக்கு ஷான், மறைந்த மனைவி தூக்கத்தில் குசு விட்ட கதையைச் சொல்ல, இருவரும் சிரிக்கின்றனர். பலரும் கொண்டாடும் அழுகைக் காட்சியைவிட இந்தச் சிரிப்பே வில்லின் உண்மையான திருப்பம் எனலாம்.