தாய்மாமன் வீட்டுப் பெயர்

பாபர்நாமாவைப் போர்க்கணக்குப் புத்தகமாகத்தான் நாம் பெரும்பாலும் வாசிக்கிறோம். எந்த வருஷம், எந்த ஊர், எவ்வளவு படை. எனக்கு அது அப்பா வழிக்கும் அம்மா வழிக்கும் நடுவில் இழுபடுகிற ஒருவரின் குடும்பக்கதை.

1483இல் பிறந்த பாபரின் அப்பா உமர் ஷேக் மிர்சா தைமூர் வம்சம். அம்மா குத்லுக் நிகார் கானும், மங்கோலிய அரசர் யூனுஸ் கானின் மகள். செங்கிஸ் கானின் மகன் சகதாயின் வழியில் வந்தவர். பாபர் எழுதிய துருக்கிக்குக்கூட சகதாய் என்றுதான் பெயர்.

இந்த மனுஷன் மங்கோலியர்களைத் திட்டுகிற இடங்களைப் படிக்கணும். சாரிபுல் சண்டையில் தோற்கிற நேரத்தில் தன் பக்கத்து மங்கோலிய வீரர்களே தன் ஆட்களைக் கொள்ளையடித்தார்கள் என்று குமுறுகிறார். அதே கையால், தாத்தா யூனுஸ் கானின் வம்சவரிசையைச் செங்கிஸ் கான் வரை எழுதியும் வைக்கிறார். பாட்டி ஐசான் தௌலத் பேகத்தின் புத்திக்கூர்மையை மனம்விட்டுப் புகழ்கிறார். நாடு பறிபோனதும் போய் நின்றது தாய்மாமன் வீட்டு வாசலில். இந்த முரணை அவர் மறைக்கவில்லை. நூலின் உயிரே அங்கேதான் இருக்கு.

தைமூரும் லேசுப்பட்டவர் இல்லை. துருக்கியமான பர்லாஸ் என்ற மங்கோலியக் குலத்தில் பிறந்தவர். செங்கிஸ் கான் வழியில் வராததால் ‘கான்’ பட்டம் சூட முடியவில்லை. அந்த வழியில் பெண் எடுத்து, ‘குரேகன்’ என்று போட்டுக்கொண்டார். அதற்கு மாப்பிள்ளை என்று அர்த்தம். அதிலிருந்து வந்த ‘குர்கானி’ என்பதே பாபர் வம்சம் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். மங்கோலியரைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த ‘முகல்’ மற்றவர்கள் வைத்தது. ஆக, உலகத்தில் நிலைத்தது அம்மா வீட்டுப் பெயர்.

பேரன் அக்பர் காலத்தில் கதை மறுபடி எழுதப்படுகிறது. அக்பர்நாமாவில் அபுல் ஃபசல் வம்சத்தை ஆலன் குவா என்ற மங்கோலியத் தாய் வரை கொண்டுபோகிறார். ஒளி பட்டுக் கருவுற்றவள் அவள். தாத்தா திட்டிய மங்கோலியர், பேரனுக்குப் பெருமை ஆகிவிட்டார்கள்.

இதற்குச் சமர்கண்ட் வரை போகவேண்டாம். ஒடுகத்தூரிலிருந்து மேலே ஏறினால் ஜவ்வாது மலை. அங்குள்ள மலையாளி மக்களின் பூர்வகதை ஒன்று 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பில் இருக்கு. காஞ்சிபுரத்து வேளாளப் பெண்கள் ஏழு பேரை வேடர்கள் தூக்கிப்போகிறார்கள். மீட்கப் போன ஏழு ஆண்களின் நாய்கள் பாலாற்று வெள்ளத்தில் திரும்பி ஊருக்கு வந்துவிடுகின்றன. ஆண்கள் இறந்தார்கள் என்று வீட்டில் கருமாதி முடிகிறது. அவர்கள் உயிரோடு வந்தபோது ஊரில் இடமில்லை. வேடர் பெண்களைக் கட்டிக்கொண்டு மலையேறுகிறார்கள். அந்தப் பெண்களும் பாட்டிமார்தான். ஆனாலும் பூர்வீகம் எது என்று கேட்டால் கதை சொல்வது காஞ்சியை.

முகலாயர் யார் என்று இன்றைக்குச் சண்டை போடுகிற இரண்டு தரப்பும் அப்பன்மாரை மட்டும் எண்ணுகிறார்கள். பாபர்நாமாவைத் திறந்து ஐசான் தௌலத் வருகிற பக்கங்களிலிருந்து வாசிச்சுப் பாருங்க. ‘எங்கிருந்து வந்தார்கள்’ என்ற கேள்விக்கு ஒரே ஊரைப் பதிலாகச் சொல்ல வாய் வராது.