முறத்துக்கும் ஒரு பரிசு

திருப்பாச்சூர் வாசீஸ்வரர் கோயிலின் தல மரம் மூங்கில். அதை வணங்கிவிட்டு வருகிறவர்கள், மூங்கிலில் முடைந்த முறம் ஒன்றையும் கையில் எடுத்துப் பார்க்கலாம். முறத்துக்காகப் பச்சை மூங்கிலில் கத்தி இறங்கியதும் 'படார்' என்று ஒரு சத்தம். பிறகு கணுவுக்குக் கணு விரிசல் தானே ஓடும். சிம்பு வாரும்போது கத்தி நிலையாக நிற்க, மூங்கிலைத்தான் இழுக்கிறார்கள். கனம் போதுமா என்பதைக் கட்டைவிரலே சொல்லிவிடும். பச்சைத் தோலோடு வரும் சிம்பு உறுதியானது, உள்பக்கத்துச் சிம்பு சீக்கிரம் நைந்துவிடும். எதை எங்கே கொடுத்துப் பின்னுவது என்பதில்தான் கைகாரர் யாரென்று தெரியும். அரைத்த வெந்தயமும் ஊறிய காகிதமும் குழைத்து மெழுகிவிட்டால், அந்தப் பின்னலில் குருணைகூட ஒழுகாது.

பூம்புகார் நிறுவனத்தின் வழியாகத் தமிழக அரசு கைவினைஞர்களுக்கு மாநில விருதும், மூத்தவர்களுக்கு 'வாழும் கைவினைப் பொக்கிஷம்' விருதும் வழங்குகிறது. சுவாமிமலைச் சிலையும் தஞ்சாவூர்த் தட்டும் அந்த மேடைக்குப் பொருத்தமானவை, மறுக்கவில்லை. அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தும் ரசிக்கலாம். முறத்தை அப்படி வைத்தால் பாதி அழகு போய்விடும். அரிசி 'சர்ர்' என்று சரிந்து எழ, உமி மட்டும் முன்னால் பறக்கிறதே, அப்போதுதான் அது முழுசாகத் தெரியும். நடுவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூங்கில் வேலைக்கு மதிப்பெண் போடுமுன் விளிம்புக் கட்டைத் திருப்பிப் பாருங்கள், பக்கத்தில் ஒரு படி அரிசியும் வைத்துப் புடைக்கச் சொல்லுங்கள்.